மெல்ல மூடிய போல்ட்

மூன்று சனிக்கிழமைகளுக்கு முன்பு வரை எங்கள் பக்கத்தில் யாரும் என்னிடம் காட்டாமல் பழைய ரைபிள் வாங்க மாட்டார்கள். மர்டோ பார்த்தாயிற்றா என்பதுதான் முதல் கேள்வி. அதைக் கேட்டு உள்ளுக்குள் குளிர்ந்துபோய்த் திரிந்தவன் நான். இப்போது அந்தக் கேள்வி ஞாபகத்துக்கு வந்தாலே காது மடல் சுடுகிறது. நான் சொல்லாவிட்டாலும் ஊர் சொல்லத்தான் போகிறது. சொல்கிறவர்களுக்குப் பாதிதான் தெரியும் என்பதால் முழுவதையும் நானே எழுதிவிடுகிறேன்.

மரம் அறுக்கும் ஆலையில் முப்பத்தொரு வருஷம் ரம்பங்களுக்குப் பல் தீட்டினேன். எஃகை எண்ணெய்க் கல்லில் வைத்துத் தேய்த்தால் எவ்வளவு போகும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் என் விரலுக்கே தெரியும் என்பார்கள். சொன்னவர்களைவிட அதை அதிகமாக நம்பியவன் நான்தான்.

மார்ச் கடைசியில், எங்கள் இலையுதிர் காலத்தில் ஆண்மான்கள் இணை தேடி முழங்கத் தொடங்குவதற்குச் சற்று முன்னால், எங்கள் வேட்டைச் சங்கம் சுடுதளத்தை எல்லோருக்கும் திறந்துவிடும். ஆளாளுக்கு வந்து குறி சரிபார்த்துக்கொண்டு போவார்கள். ஷெட் வாசலில் ஒரு நீள மேசை கிடக்கும். பழைய துப்பாக்கி வாங்கியவர்கள் அதை அந்த மேசையில் கிடத்துவார்கள். நான் பார்த்துத் தீர்ப்புச் சொல்வேன். சரி என்றால் துப்பாக்கியின் பிடிக்கட்டையில் சாக்பீஸால் ஒரு கோடு, இல்லை என்றால் பெருக்கல் குறி. பெருக்கல் விழுந்ததை விற்றவர் திரும்ப வாங்கிக்கொண்டாக வேண்டும். எழுதாத சட்டம்தான், ஆனால் யாரும் மீறியதில்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. யாரிடம் வாங்கியது, என்ன விலை என்று நான் கோடு போடும் வரை வாயைத் திறக்கக் கூடாது. ஊர் சிறியது. விற்றவர் என் மைத்துனராக இருக்கலாம், என் மனைவியின் பல் டாக்டராக இருக்கலாம். முகம் பார்த்துத் தீர்ப்பு மாறிவிடக் கூடாது என்று அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே நான்தான்.

விலை குறைந்த துப்பாக்கியைப் பார்க்கத் தனிக் கண் வேண்டும். அதில் செய்தவன் விட்ட குறையைவிட வைத்திருந்தவன் செய்த குறைதான் அதிகம் இருக்கும். அறுநூறு டாலர் சாமானுக்கு யார் எண்ணெய் போடுவது என்று நனைந்ததை அப்படியே டிரக்கில் போட்டுவிடுவான். சுத்தம் செய்கிற கம்பியை வாய்ப் பக்கமாக விட்டுக் குழலின் விளிம்பைத் தேய்த்து வைப்பான். சுடும்போது இழுக்கிற விசை கனமாக இருக்கிறது என்று திருப்புளியைத் தூக்குவான். அதனால் நான் துப்பாக்கியைப் பார்ப்பதில்லை, வைத்திருந்த ஆளைத்தான் பார்க்கிறேன் என்று பெரிய மனுஷத் தோரணையில் சொல்வேன். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள்.

முதலில் தோட்டா இல்லையென்று பார்ப்பேன். தோட்டாவை உள்ளே தள்ளி மூடுகிற போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கமாக விளக்கடித்துக் குழலுக்குள் பார்ப்பேன். பிளாஸ்டிக் கட்டையைப் பிடித்து நெரித்தால் குழலில் போய் இடிக்கிறதா என்று பார்ப்பேன். ஸ்கோப்பைப் பிடித்து ஆட்டுவேன். வெடிக்காமல் தடுக்கிற பூட்டைப் போட்டு விசையை இழுத்து, கையை எடுத்துவிட்டுப் பூட்டைத் திறப்பேன். கடைசிச் சோதனைதான் என் பெயரைச் சொல்வது. காலித் துப்பாக்கியின் போல்ட்டை முழு வேகத்தில் இரண்டு தடவை அறைந்து மூடுவேன். உள்ளே தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கிற ஊசியைப் பிடித்து நிறுத்துகிற கொக்கி தேய்ந்திருந்தால், அந்த அதிர்ச்சியில் நழுவி 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். தோட்டா இருந்திருந்தால் விசையில் விரல் படாமலே வெடித்திருக்கும் என்று அர்த்தம். நான் அறைகிற அறை கார் நிறுத்துமிடம் வரை கேட்கும் என்று ஃபெர்கஸ் சொல்வான்.

ஃபெர்கஸ் ஆலையில் என் பக்கத்து மேடைக்காரன், நாற்பது வருஷ நண்பன். அன்றும் வழக்கம்போல அடுப்படியில் நின்று சாசேஜ்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டே போகிற வருகிறவர்களை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தான். மேசையின் மறுமுனையில் சங்கச் செயலாளர் மொராக், மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, பதிவேட்டுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். யார் என்ன தப்பு செய்தாலும் தலையைத் திருப்பாமலே கண்ணாடியில் பார்த்துவிடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை.

பதினொரு மணி வாக்கில் ஹினேவாய் வந்தாள். ஆட்டிறைச்சி ஆலையில் எலும்பு பிரிக்கிறவள். நாற்பது வயதுக்கு மேல் இப்போதுதான் உரிமம் எடுத்திருந்தாள், இது முதல் துப்பாக்கி. குளிர்காலத்தில் ஆலை மூன்று மாதம் மூடிக்கிடக்கும். அந்த மூன்று மாதத்துக்கும் ஃப்ரீசரில் மான்கறி இருந்தால் வீட்டில் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று போன வாரம் கடையில் பார்த்தபோது சொன்னாள். கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்ததைக் கைக்குழந்தையைப் போல மேசையில் கிடத்தினாள். சட்டம் தெரிந்தவள், உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். ஏதோ சொல்லத் துடிக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

கம்பளியை விலக்கினேன். கட்டை முழுவதும் பச்சையும் பழுப்புமாகச் சாயம். அதன் மேல் பெரணி இலைகளின் அச்சு. இலையை வைத்து மேலே சாயம் அடித்தால் அப்படி விழும். பிடிக்கிற இடத்தில் பாதி தேய்ந்து போயிருந்தது. அந்த இலைகளைப் பறித்ததும் நான்தான், சாயம் அடித்ததும் நான்தான், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு, என் ஷெட்டில்.

பெரிய கடையில் ஸ்கோப்போடு சேர்த்து ஒரே பெட்டியில் போட்டு விற்ற துப்பாக்கி அது. குழல் எதிர்பாராத நல்ல குழல், விசைதான் துருப்பிடித்த கேட்டைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. ஒரு சாயங்காலம் கொடுங்கள், மூவாயிரம் டாலர் துப்பாக்கியின் விசையை இதில் காட்டுகிறேன் என்று ஆலை முழுக்கச் சவடால் அடித்தேன். கொக்கியைக் கழற்றி எண்ணெய்க் கல்லில் தேய்த்தேன். காட்டவும் செய்தேன். இழுத்துப் பார்த்தவர்கள் எல்லாம் விசிலடித்தார்கள்.

அந்த ஏப்ரலில் நானும் ஃபெர்கஸும் காட்டுக்குள் போனோம். அவன் முன்னால், நான் பின்னால். பீச் மரங்களுக்கு அப்பால் ஒரு ஆண்மான் முழங்கியது. ஃபெர்கஸ் அப்போதுதான் பூட்ஸ் கயிறு கட்ட வலது பக்கம் இரண்டடி ஒதுங்கிக் குனிந்தான். நான் அவசரத்தில் தோட்டாவைத் தள்ளி போல்ட்டை அறைந்து மூடினேன். விசையை நான் தொடவே இல்லை. வெடித்தது. ஃபெர்கஸ் ஒரு நிமிஷத்துக்கு முன்பு நின்ற இடத்தைக் கடந்து போய் எதிர்மரத்தில் நெஞ்சு உயரத்தில் பாய்ந்தது குண்டு. மான் ஓடிவிட்டது. ஃபெர்கஸ் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், விழுந்து விழுந்து சிரித்தான். மானைக் குறிவைத்து மரத்தைச் சுட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டான்.

நானும் சிரித்தேன். அதுதான் முதல் பொய். குறி தவறியவன் என்ற கேலியைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. கொக்கியைக் கெடுத்தவன் என்ற பேச்சைத் தாங்க முடியாது என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து ஸ்பிரிங்கை இறுக்கிவிட்டு அறைந்து பார்த்தேன். நூறு தடவைக்கு ஏழெட்டுத் தடவை நழுவியது. புதுக் கொக்கி வாங்கிப் போட்டிருக்கலாம், ஆனால் கடையில் ஏன் என்று கேட்பார்கள். அந்த வாரமே வேலி போட வந்திருந்த வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்றேன். விசை நல்ல மிருது, நானே தீட்டியது என்று மட்டும் சொன்னேன். அவர் தெற்கே தொலைவில் ஒட்டாகோ பக்கம் போய்விட்டார். அடுத்த வருஷம்தான் அறைந்து மூடும் சோதனையை மேசைக்குக் கொண்டுவந்தேன். பரிகாரம் செய்துவிட்டதாக எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். அந்தத் துப்பாக்கி எங்கே, யார் கையில் என்று ஒரு தடவைகூட விசாரிக்கவில்லை.

இப்போது அது என் முன்னால் கிடந்தது.

கை தானாக வேலை செய்தது. தோட்டா இல்லை. குழலுக்குள் விளக்கடித்தேன், பளிச்சென்று இருந்தது. கட்டை இடிக்கவில்லை. ஸ்கோப் ஆடவில்லை. பூட்டு பிடித்தது. அன்று காலையிலிருந்து ஒன்பது துப்பாக்கிகளை அறைந்திருந்தேன். இதையும் அறைந்தால் நழுவலாம், நழுவாமலும் போகலாம். நழுவினால் பெருக்கல் போட்டுவிட்டு, யாரோ கொக்கியைத் தேய்த்திருக்கிறான் என்று சொல்லியிருக்கலாம். யார் தேய்த்தான் என்று விற்றவரைக் கேட்பார்கள். அவர் தனக்கு விற்றவரைக் கேட்பார். அது கடைசியில் எங்கே வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும். நான் இருமினேன். இருமிக்கொண்டே போல்ட்டை மெல்லத் தள்ளி மெல்ல மூடினேன். இரண்டாவது தடவை அதுகூட இல்லை. சாக்பீஸை எடுத்துக் கோடு போட்டேன்.

ஹினேவாய் அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள்.

"இப்ப சொல்லலாம்ல மாமா? இந்த விசை நீங்க செஞ்சது. வித்தவரு அதச் சொல்லித்தான் வித்தாரு. மேசைக்கார மர்டோ கையால தீட்டினது, கண்ண மூடிட்டு வாங்குன்னாரு. உங்ககிட்டயே கொண்டுவந்து வெச்சுட்டு சொல்லாம நிக்கிறதுக்குள்ள உயிரே போயிடுச்சு."

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். ஃபெர்கஸ் இடுக்கியோடு ஓடிவந்து இலை அச்சைப் பார்த்தான். அவனுக்கு வாயில் சர்க்கரை போட்ட மாதிரி ஆகிவிட்டது. இதுதான் அது, மர்டோ மானை விட்டுவிட்டு மரத்தை வேட்டையாடிய துப்பாக்கி என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தான். மரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தோமா, இல்லை தோலை மட்டும் உரித்தோமா என்று பழைய கதையை ஆரம்பித்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போது முகத்தின் தோல் இழுபட்டது தெரிந்தது.

ஹினேவாய் சுடுகிற இடத்துக்குப் போனாள். நான் மேசையை விட்டுவிட்டுப் பின்னாலேயே போய் நின்றேன். அங்கே ஆபத்தில்லை, எல்லாத் துப்பாக்கியும் குண்டு போய்ப் புதைகிற மண்மேட்டைப் பார்த்துத்தான் இருக்கும். ஆனால் அவள் போல்ட் மூடுகிற விதத்தைப் பார்த்ததும் இன்னும் கிட்டே போய் நின்றேன். எலும்பு பிரிக்கிற கை. என்னைவிட ஓங்கி அறைந்தாள். மூன்று தடவை அறைந்தாள், மூன்று தடவையும் பிடித்தது. நூறு மீட்டரில் மூன்று துளைகள், ஒரு பீர் மூடியால் மறைத்துவிடலாம். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

நாளை ஞாயிற்றுக்கிழமை காலையே தானும் தம்பி ரேவியும் காட்டுக்குள் போவதாகச் சொன்னாள். அவனுக்கு இடம் தெரியும், அதனால் அவன் முன்னால், தான் பின்னால்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உண்மையைச் சொல்லவில்லை. அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தத் துப்பாக்கியை எனக்கே கொடுத்துவிடு, நீ கொடுத்ததைவிட இருநூறு டாலர் கூடத் தருகிறேன் என்றேன். அதோடு என்னுடைய இன்னொரு ரைபிளையும் இந்தப் பருவம் முழுக்க வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள், பிறகு சிரித்தாள். மர்டோவே திரும்பக் கேட்கிற துப்பாக்கியை விற்க நான் என்ன பைத்தியமா என்றாள். அது ஃபெர்கஸ் காதில் விழுந்துவிட்டது. தன் பழைய சரக்கின் அருமை இப்போதுதான் தெரிகிறது கிழவனுக்கு என்று சுடுதளம் முழுக்கப் பரப்பிவிட்டான். ஒருவர் ஆயிரத்து இருநூறுக்குக் கேட்டார். அவருக்கும் இல்லை என்றாள். மறைக்கப் போய் அந்தக் கெட்ட கொக்கிக்கு நானே மவுசு ஏற்றிவிட்டேன்.

அடுத்து இன்னும் கேவலமாகப் போனேன். குழலில் ஏதோ புள்ளி தெரிந்த மாதிரி இருந்தது, திரும்பப் பார்க்கிறேன், ஒரு வாரம் என்னிடம் இருக்கட்டும் என்றேன். அவள் மூன்று துளை விழுந்த அட்டையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். கோபமில்லை. ஆனால் இவர் ஏன் இப்படி ஆசைப்படுகிறார் என்ற கூச்சம் அவள் கண்ணில் வந்துவிட்டது. பரவாயில்லை மாமா, எனக்கும் இது ரொம்பப் பிடித்துவிட்டது என்று சமாதானமாகச் சொன்னாள். அற்பனிடம் பேசுகிற மாதிரிதான் பேசினாள், அதைக்கூட மரியாதையாகச் செய்தாள். கம்பளியில் சுற்றிக்கொண்டு டிரக்கைப் பார்த்து நடந்தாள்.

ஷெட்டிலிருந்து கார் நிறுத்துமிடம் அறுபது அடி இருக்கும். அவள் பாதி தூரம் போகும் வரை நான் நின்றுகொண்டே இருந்தேன். துணிச்சலை வரவழைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல ஆசைதான். அப்படி இல்லை. நூற்றுக்கு ஏழு என்று மனதில் ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்கு அவள் எத்தனை தடவை போல்ட் மூடுவாள், இரண்டா மூன்றா, ஒன்றும் ஆகாமல் போக எவ்வளவு வாய்ப்பு என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷனின் முதுகை வைத்து இப்படி யோசிக்கிறோமே என்று உறைத்தபோதுதான் கால் நகர்ந்தது.

"ஹினேவாய், நில்லு. அதக் கொண்டா மேசைக்கு."

குரல் எப்படி வந்ததோ, எல்லோரும் திரும்பினார்கள். அவள் வந்தாள், இந்தத் தடவை முகத்தில் சலிப்பு. நான் கம்பளியைப் பிரித்து, தோட்டா இல்லையென்று மொராக்கிடமும் காட்டிவிட்டு, குழலை மண்மேட்டுப் பக்கம் திருப்பி போல்ட்டை அறைந்தேன். பிடித்தது. மறுபடி அறைந்தேன். பிடித்தது. மூன்று, நான்கு, ஐந்து. ஒன்றுமில்லை.

ஃபெர்கஸ் வந்து என் தோளில் கை வைத்தான். "விடுய்யா. அவ ஆசையா வாங்கிருக்கா. உனக்கு வேணும்னா வேற ஒண்ணு தேடலாம். சின்னப்புள்ள மாதிரி பண்ணாத."

அவன் கையை உதறிவிட்டு அறைந்தேன். எத்தனையாவது தடவை என்று எனக்கு நினைவில்லை, பதினான்காவது என்று மொராக் பிறகு சொன்னாள். டக் என்றது. விரல் விசைக்குப் பக்கத்தில்கூட இல்லை, எல்லோரும் பார்த்தார்கள்.

அடுப்பில் சாசேஜ் கருகிக்கொண்டிருந்தது. நான் சொன்னேன். கொக்கியை நான்தான் தேய்த்தேன் என்றேன். கெட்டுப்போனது எனக்கு அப்போதே தெரியும் என்றேன். தெரிந்துதான் விற்றேன், இன்று காலை பார்த்ததும் அடையாளம் தெரிந்துதான் கோடு போட்டேன் என்றேன். சொல்லிக்கொண்டு வரும்போதே ஃபெர்கஸின் முகம் மாறுவதைப் பார்த்தேன். அவன் மெதுவாகத்தான் கேட்டான்.

"அப்ப அன்னிக்கு... அந்த மரம்?"

"நான் விசையத் தொடல ஃபெர்கஸ். போல்ட்ட மூடினேன், அவ்வளவுதான்."

"நான் கயிறு கட்டக் குனியலன்னா?"

அவன் பன்னிரண்டு வருஷமாகக் கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் அந்தக் கதையைச் சொல்லி மற்றவர்களைச் சிரிக்க வைத்தவன். இடுக்கியை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனான். அடுப்பை யாரோ அணைத்தார்கள்.

ஹினேவாய் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"காலைல இங்க நின்னு எல்லாத்தையும் பாத்துட்டுதான் இருந்தேன் மாமா. மத்தவங்களோடதெல்லாம் அறைஞ்சீங்க. என்னோடத மட்டும் மெதுவா மூடுனீங்க. மலிவு சாமான்தான், இருந்தாலும் எவ்வளவு பதவிசா தொடறாரு பாருன்னு நெனச்சேன். வீட்டுல போய் ரேவிகிட்ட அதத்தான் மொதல்ல சொல்லணும்னு இருந்தேன்."

எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விட வேண்டும் போல இருந்தது. அவள் கொடுத்த பணத்தை நானே தந்துவிடுவதாகச் சொன்னேன். புதுக் கொக்கி போட்டுத் தருவதாகவும் சொன்னேன். புதுசு போட வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். மாமா என்ற சொல் அதற்குப் பிறகு வரவில்லை.

நான் சாக்பீஸை எடுத்து, போட்ட கோட்டை விரலால் அழித்துவிட்டுப் பெருக்கல் குறி போடக் குனிந்தேன். மொராக் சாக்பீஸைக் கேட்டுக் கையை நீட்டினாள். கொடுத்தேன். குறியை அவளே போட்டாள். பிறகு பதிவேட்டைப் பழைய பக்கங்களுக்குத் திருப்பினாள். அதில் பதினொரு வருஷமாக நான் கோடு போட்டவை எல்லாம் இருந்தன.

முதலில் ஒருவர் தன் டிரக்குக்குப் போனார். ரைபிளை எடுத்து வந்து மேசையில் வைத்தார். பின்னால் இன்னொருவர் வந்தார். கொஞ்ச நேரத்தில் ஷெட் வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை வரிசை நின்றது. தூறலில் எல்லோரும் குழலைத் தரைக்குச் சாய்த்துக்கொண்டு நின்றார்கள். சிலர் குறி பார்க்க வந்ததையே மறந்துவிட்டார்கள். இத்தனை வருஷம் அந்த வரிசை என்னைப் பார்க்க நின்றது. இன்று மொராக் முன்னால் நின்றது. அவள் எழுந்து நின்று ஒவ்வொன்றையும் இருபது தடவை அறைந்தாள். நான் ஷெட் சுவரோரம் நின்றேன். போய்விடலாம் என்று தோன்றியது, போக எனக்கு உரிமை இல்லை என்றும் தோன்றியது.

ஒன்றன் பின் ஒன்றாகப் பிடித்தன. ஏழு, எட்டு, பத்து. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மற்றதெல்லாம் ஒழுங்காகத்தானே செய்திருக்கிறேன் என்று, அந்த நிலைமையிலும், ஒரு அற்ப சந்தோஷம் எட்டிப் பார்த்தது. பதினொன்றாவதாக ஒரு பால் பண்ணைக்காரரின் துப்பாக்கி வந்தது. நான்கு வருஷத்துக்கு முன்பு நான் பார்த்தது. நன்றாக ஞாபகம் இருக்கிறது, இரண்டு தடவை என் முழு பலத்தோடு அறைந்துதான் கோடு போட்டேன். மொராக் மூன்றாவது தடவை அறைந்தபோது டக் என்றது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பண்ணைக்காரர், தான் அதைக் கழற்றியதே இல்லை என்றார். அவர் கழற்றாமல் அந்தச் சத்தம் வந்திருக்காது. எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும்.

"நான் பாக்கும்போது அது சரியா இருந்துச்சு," என்றேன்.

அன்று முழுவதிலும் நான் தயங்காமல் சொன்ன உண்மை அது ஒன்றுதான். யாரும் மறுக்கவில்லை. யாரும் தலையாட்டவும் இல்லை. மொராக் பெருக்கல் குறி போட்டுவிட்டு, பதிவேட்டில் என் பெயருக்கு நேராக எழுதிக்கொண்டு, அடுத்த துப்பாக்கியைத் தரச் சொல்லிக் கையை நீட்டினாள்.